டிஸ்சார்ஜ் ஆகி வந்த மூணாம் நாள் அப்பா சுவத்த புடிச்சு உக்காந்துட்டாரு

அப்பாவுக்கு இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் (குழாய திறந்து வைக்கிற சின்ன வலை) வச்சு அஞ்சாம் நாள் அனுப்பினாங்க. இன்ஷூரன்ஸ் அப்ரூவல் வரவே சாயங்காலம் ஆறு ஆயிடுச்சு, சிஸ்டர் ஒரு பை மாத்திரையும் சம்மரியும் குடுத்து கடகடன்னு சொன்னாங்க, எப்படா வீட்டுக்கு போவோம்னு இருந்ததால நாங்களும் தலைய ஆட்டிட்டு வந்துட்டோம். மூணாம் நாள் காலைல பாத்ரூம் போயிட்டு வந்தவரு அப்படியே சரிஞ்சு உக்காந்துட்டாரு, வேர்த்து கொட்டுது. நல்லவேளை அன்னிக்குத்தான் மக்களைத் தேடி மருத்துவத்துல மாத்திரை குடுக்க வர்ற அக்கா வந்தாங்க. பிபி 84/50, ரொம்ப கம்மி. "எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வாம்மா"ன்னாங்க. புதுப் பையையும் பழைய பிஸ்கட் டப்பாவையும் கட்டில்ல கொட்டினோம். ஆஸ்பத்திரி அட்டைல கம்பெனி பேரு பெருசா, கீழ எறும்பு சைஸ்ல அம்லோடிபின் 5, பிபிய குறைக்கிற மாத்திரை. டப்பால இருந்த அரசாங்க அட்டைலயும் அதே அம்லோடிபின் 5! ரெண்டையும் போட்டிருக்காரு, கூட புதுசா சேர்த்த இன்னொரு பிபி மாத்திரை வேற. பழச நிறுத்துங்கன்னு யாரும் சொல்லல, நாங்களும் கேக்கல. பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்) டாக்டர் ஒண்ண நிறுத்தினாரு. ஆனா பயத்துல ஆஸ்பிரின், குளோபிடோக்ரல நீங்களா நிறுத்திடாதீங்க, அத விட்டாதான் ஸ்டென்ட் அடைக்கும்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாரு.

வார்டு சிஸ்டர்:
அட்மிஷன்ல "வீட்ல என்ன மாத்திரை போடுறாரு"ன்னு கேட்டா "வெள்ளையா ஒண்ணு, ரோஸ்ல ஒண்ணு"ம்பாங்க, நான் எத எழுதுறது? அந்த டப்பாவ அப்படியே தூக்கிட்டு வாங்கப்பா. உலக சுகாதார நிறுவனமே 2017ல மருந்தால வர்ற தீங்க குறைக்கணும்னு ஆரம்பிச்சப்போ முக்கியமா கவனிக்கச் சொன்ன மூணுல ஒண்ணு, நோயாளி வீட்ல இருந்து ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரில இருந்து வீடுன்னு இடம் மாறுற இந்த நேரம்தான். எங்க பக்கமும் தப்பு இருக்கு, ஒரே நேரத்துல ஆறு டிஸ்சார்ஜ்னா யாருக்கு என்ன சொன்னோம்னே மறந்துடும்.

டெல்டாக்காரன்:
எங்க சித்தப்பாவ கண்ணாடிவிரியன் கடிச்சு, ஊர்ல விஷமுறிவு ஊசி போட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணாங்க. ஆம்புலன்ஸ்ல அண்ணன் போனான், ரெஃபர் சீட்டு மட்டும் பின்னாடி பைக்ல வந்த மச்சான் பாக்கெட்ல. அங்க டாக்டர் "எத்தனை வயல் போச்சு?"ன்னு கேக்க, இவன் "ஒரே வயல்தான் சார், வாய்க்கா ஓரமா"ன்னு சொல்லிருக்கான். அவரு ஒரே பாட்டில்தான் போட்டாங்களான்னு பதறி பழைய ஆஸ்பத்திரிக்கு போன் அடிக்கிறாரு, எடுக்க ஆளில்ல. மச்சான் வந்து சீட்ட நீட்டின பிறகுதான் 10 வயல் ஏறியிருக்கு, எத்தனை மணிக்குன்னே தெரிஞ்சுது. சித்தப்பா பொழச்சுட்டாரு. இன்னிக்கும் அண்ணன "ஒரு வயல்"னுதான் கூப்புடுறாரு.