வில்லங்கச் சான்றில் வராத இரவு

வளவுக்காரர்:

கொலை நடந்த பூர்வீக வீட்டை என்ன செய்வது என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். இடிப்பதா, விற்பதா, பூட்டிப் போடுவதா என்று மூன்று வழிகளை அவரே எழுதியிருந்தார். இந்த மூன்றையும் எங்கள் பங்காளிகள் நான்கு வருடம் பேசித் தீர்த்திருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் எங்கள் ஊர். எங்கள் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவில் தொழில் செய்த காலத்தில் கட்டிய வீடு. முகப்பு, முற்றத்தோடு கூடிய வளவு, இரண்டாம் கட்டு, அதற்குப் பின்னால் அடுப்படி. இன்றைக்கு 14 பங்கு. வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒவ்வொரு பங்குக்கும் தனிப் பூட்டு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் வீடு நிறையும். மற்ற நாட்களில் என் சித்தி ஒருவர்தான். இரவுத் துணைக்குப் பக்கத்து ஊர் அம்மாள் ஒருவர் இரண்டாம் கட்டில் படுத்துக்கொள்வார். 19 வருடமாக எங்கள் வீட்டில் வேலை செய்தவர்.

ஓர் ஐப்பசி மழை இரவில் நகைக்காக இருவரையும் கொன்றுவிட்டார்கள். காலையில் பால்காரர்தான் முதலில் பார்த்தார். நான் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தபோது போலீசார் கதவைப் பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள். பிடிபட்டவர்கள் மீது வழக்கு இன்னும் நடக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

சாவி கைக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை வீட்டைக் கழுவியதுதான். இரண்டாம் கட்டில் ஆறு தரைக் கற்கள் மட்டும் எவ்வளவு தேய்த்தும் தெளியவில்லை. பெயர்த்தெடுத்துவிட்டு ஆத்தங்குடியில் சொல்லிப் புதிதாகச் செய்து வாங்கினோம். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றி, மணலும் சிமென்டும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் அதே பழைய முறைதான். பூவும் அதே பூ. ஆனால் பழைய கல்லில் எத்தனையோ வருடக் காலடி ஏற்றிய மினுமினுப்பு இருக்கிறது. புதிய ஆறும் வெளிறித் தனியாகத் தெரிகின்றன. வீட்டுக்கு வருகிறவர்கள் யாரும் சொல்லாமலே அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். குழந்தைகள்கூட.

பிறகு பட்டாலைக் கூடத்தில் எல்லோரும் கூடினோம். கோயம்புத்தூரிலிருந்து வந்த தம்பி இடித்துவிடலாம் என்றான். அன்று மாலையே காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழம்பொருள் வியாபாரி ஒருவர் நாடாவோடு வந்து தூண்களை அளந்தார். தூணுக்கு ஒரு விலை, கதவுக்கு ஒரு விலை, நிலைக்குத் தனி விலை. அவர் தூணைக் கட்டிப் பிடித்துச் சுற்றளவு பார்த்தபோது என்னால் அங்கே நிற்க முடியவில்லை. செட்டிநாட்டு ஊர்களின் தொகுப்பு 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியிருக்கிறது, இடிக்கக் கூடாது என்றாள் அண்ணன் மகள். ஹோமம் செய்துவிட்டு விற்றுவிடலாம் என்றார் பெரியவர் ஒருவர்.

கூட்டத்துக்கு முன்னால் நான் கொஞ்சம் படித்துவிட்டுப் போயிருந்தேன். இங்கிலாந்தில் க்ளாஸ்டர் நகரத்தில் பல கொலைகள் நடந்த குரோம்வெல் தெரு 25ஆம் எண் வீட்டை 1996இல் இடித்தார்கள். யாரும் நினைவுப் பொருளாக எடுத்துப் போய்விடக் கூடாது என்று செங்கற்களைக்கூடப் பொடியாக்கினார்கள். இப்போது அங்கே ஒரு நடைபாதை இருக்கிறது. அமெரிக்காவின் ஐடஹோவில் 2022 நவம்பரில் நான்கு மாணவர்கள் கொல்லப்பட்ட வீட்டை, அதன் உரிமையாளர் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். 2023 டிசம்பர் 28 அன்று அதை இடித்தார்கள். விசாரணை தொடங்கும் முன்பே ஏன் இடிக்கிறீர்கள் என்று இறந்தவர்களின் குடும்பங்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இங்கே இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. எங்கள் கூட்டத்தில் ஒன்றுதான் உட்கார்ந்திருந்தது.

"அந்த அம்மாளின் மகளை யாராவது கேட்டீர்களா?" என்றேன்.

"அவளுக்கு இதில் என்ன பங்கு?" என்று ஒரு குரல் வந்தது. யாருடையது என்று எழுத மாட்டேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

மறுநாள் நானே அந்த மகளின் வீட்டுக்குப் போனேன். வாசலில் கட்டில் போட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். வெகு நேரம் கழித்து, "அம்மாவின் கண்ணாடியும் சுருக்குப் பையும் அடுப்படி மாடப்பிறையில் இருக்குமே அண்ணே, எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டாள். கழுவிய அன்று நாங்கள் அள்ளி வெளியே போட்ட சாமான்களில் அவையும் போயிருந்தன. எனக்குப் பேச வாய் வரவில்லை. எங்களுக்கு அது குப்பையாகத் தெரிந்திருக்கிறது.

வீட்டை இடிக்கப் போகிறார்கள் என்ற பேச்சு அவள் காதுக்கும் போயிருந்தது. "இடித்துவிட்டால் நான் எங்கே போய் நிற்பது? சுடுகாட்டில் என்ன இருக்கிறது?" என்றாள்.

இப்போது பாரம்பரிய விடுதி நடத்தும் ஒருவர் குத்தகைக்குக் கேட்கிறார். முதல் நாளே அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். பேய் வீடு என்று விளம்பரம் செய்து ஆள் சேர்க்கக் கூடாது என்றும் சொன்னேன், ஒப்புக்கொண்டார். வருடத்தில் ஒரு நாள் இரண்டாம் கட்டை அடைத்துவிட்டு அந்தப் பெண்ணை விளக்கேற்ற விட வேண்டும் என்பது என் ஆசை. வாய்ப்பேச்சாக விட்டால் எனக்குப் பிறகு நிற்காது. இப்படி எழுதி வைத்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வாடகைக்கு இருந்தவள்:

அண்ணே, மறைக்காமல் சொன்னீர்கள் பாருங்கள், அதற்காகவே இதை எழுதுகிறேன். காரைக்குடியில் நாங்கள் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்து, பால் காய்ச்சிக் குடிபோனோம். மூன்றாம் நாள் மளிகைக் கடைக்காரர், "அந்த வீட்டுக்கா வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாடியில் ஒரு பெண்ணை அவள் கணவனே கொன்றிருக்கிறான். தெருவுக்கே தெரிந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. எனக்குப் பயத்தைவிட அவமானம்தான் அதிகம். வீட்டுக்காரரிடம் கேட்டால், "சொன்னால் யார் வருவார்கள்?" என்கிறார்.

சொல்லியிருந்தால் நான் வந்திருப்பேன். வாடகையைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லியிருப்பேன், அவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு ஒரு விளக்கும் ஏற்றியிருப்பேன். ஜப்பானில் 2021இல் அரசே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது: வீட்டில் கொலையோ தற்கொலையோ நடந்திருந்தால் ஏறக்குறைய மூன்று வருடம் வரை வாடகைக்கு வருகிறவரிடம் சொல்ல வேண்டும். நம் ஊரில் நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தத் தெருப் பால்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

பத்திரம் எழுதுபவர்:

ஐயா, 30 வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். வில்லங்கச் சான்றில் கிரயம் வரும், அடமானம் வரும், செட்டில்மென்ட் வரும். பதிவானது மட்டுமே வரும். உங்கள் வீட்டில் நடந்த அந்த இரவு எந்தச் சான்றிலும் வராது. வாங்குகிறவர்கள் சான்றைப் பார்த்துவிட்டு "சுத்தமாக இருக்கிறது" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது சில சமயம் எனக்குச் சங்கடமாக இருக்கும்.

ஒன்றை எல்லோருக்குமாகச் சொல்லி வைக்கிறேன். கொலை செய்தவர் அதே குடும்பத்து வாரிசாக இருந்தால் விஷயம் வேறு. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 25ஆவது பிரிவுப்படி, கொலை செய்தவர் கொலையுண்டவரின் சொத்துக்கு வாரிசாக முடியாது. அப்படி ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. தாய் தகப்பனைக் கொன்றதாக மகன் மீது வழக்கு. மகள்கள் விற்க வேண்டும் என்று நின்றார்கள். தீர்ப்பு வரட்டும் என்று திருப்பி அனுப்பினேன். அவர்களுக்குக் கோபம்தான். ஆனால் அவன் பெயரைச் சேர்த்தாலும் தவறு, விட்டாலும் தவறு என்ற நிலையில் நான் எப்படிப் பேனாவை எடுப்பேன்?

உங்களுக்கு வருகிறேன். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதிவிடுங்கள்: இன்ன நாளில் இரண்டாம் கட்டு அடைக்கப்படும், இன்னாரும் அவர் குடும்பத்தாரும் வந்து போகத் தடையில்லை, அந்த நாளுக்குக் குத்தகைதாரர் கழிவு கேட்கக் கூடாது. 14 பங்கும் கையெழுத்திட வேண்டும். பெண் வாரிசுகளை விட்டுவிடாதீர்கள். இப்படி நான் இதுவரை எழுதியதில்லை, ஆனால் எழுதித் தருகிறேன், கூலி வேண்டாம். ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். நாளைத் தேதியாகக் குறிப்பதா, திதியாகக் குறிப்பதா?

வளவுக்காரர்:

ஐயா, நேற்று அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசியில் பேசினேன். 14 பேரில் 12 பேர் சரி என்றுவிட்டார்கள், மற்ற இருவரிடம் நான் நேரில் போகிறேன் என்றும் சொன்னேன். தேதியா திதியா என்று கேட்டேன்.

"திதிதான் அண்ணே. ஐப்பசித் தேய்பிறைப் பஞ்சமி" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "ஆச்சிக்கும் அதே திதிதானே. இரண்டு பேர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள்" என்றாள்.