எட்டு மாசக் குழந்தைக்கு உள்ளங்காலில் கொப்புளம், ராத்திரியில் அரிப்பு

நீடாமங்கலத்து மருமகள்:
பையனுக்கு எட்டு மாசம். உள்ளங்கால், விரல் இடுக்கு எல்லாம் கடுகு மாதிரி நீர்க்கொப்புளம். ரெண்டு நாளில் சீழ் கோத்துக்குது. பகலில் சிரிச்சுக்கிட்டு இருக்கான், விளக்கை அணைச்சா காலோடு காலைத் தேய்ச்சு அழறான். காய்ச்சல் இல்லை, பால் குடிக்கிறான். மாமியார் கரப்பான்னு சொல்லி வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் பூசறாங்க. எனக்கும் மணிக்கட்டில் அரிக்குது. வீட்டுக்காரர் நடவுச் சேறுதான்ங்கிறார்.

ஆடுதுறை அத்தை:
வாய்க்குள்ள பாத்தியாம்மா? கை-கால்-வாய் நோய்னா பெரும்பாலும் வாயிலும் புண்ணு இருக்கும், காய்ச்சலும் அடிக்கும்.

நீடாமங்கலத்து மருமகள்:
வாய் சுத்தமா இருக்கு அத்தை.

ரிட்டயர்டு கிராம நர்ஸ், திருவாரூர் பக்கம்:
பாக்காம உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா உன் மணிக்கட்டு அரிப்புதான் எனக்கு உறுத்துது. ராத்திரி கூடுற அரிப்பு, அதுவும் வீட்டில் ரெண்டு பேருக்குன்னா முதல்ல சிரங்கைத்தான் நினைக்கணும். கைக்குழந்தைக்கு உள்ளங்கை, உள்ளங்கால், தலையில கூட வரும். சேறும் இல்லை, சுத்தக்குறைவும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத பூச்சி, ஒட்டிப் படுத்தாலே தொத்தும். இதை மாமியார்கிட்ட முதல்ல சொல்லிடு, இல்லேன்னா கௌரவம் பாத்துக்கிட்டு மருந்து பூசிக்க மாட்டாங்க.

சிரங்குதான்னா டாக்டர் பெரும்பாலும் 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் எழுதுவார். ராத்திரி பூசி 8 முதல் 14 மணி நேரம் கழிச்சுக் குளிப்பாட்டணும், ஒரு வாரத்தில் இன்னொரு தடவை. பெரியவங்களுக்குக் கழுத்துக்குக் கீழ போதும். குழந்தைக்குத் தலை, நெத்தியும் சேத்து, கண்ணு வாய் ஓரம் விட்டுட்டு. கையை வாயில வைப்பான், சாக்ஸ் மாட்டிவிடு. அரிக்குதோ இல்லையோ, வீட்டில் எல்லாரும் ஒரே ராத்திரி பூசணும். நான் பாத்த வீடுகள்ல கோட்டை விடறது இங்கதான்: தாத்தா 'எனக்கென்ன'ன்னு திண்ணையில் படுத்துடுவார், மறுமாசம் பேரனுக்குத் திரும்ப வந்துடும். தூளிச் சேலை, போர்வையை வெந்நீரில் துவைச்சு வெயிலில் போடு. துவைக்க முடியாததை பிளாஸ்டிக் பையில் கட்டி 3 நாளாவது வை. பூச்சி செத்தும் அரிப்பு ரெண்டு மூணு வாரம் இழுக்கும், அதுக்காகத் தினமும் கிரீம் போடாதே. அரைச்சுப் பூசறதை நிறுத்து, புண்ணில் எரியும். மருந்துக்கடையில் வாய்க்கு வந்த களிம்பையும் வாங்காதே. ஸ்டீராய்டு கலந்திருந்தா சிரங்கை அடையாளம் தெரியாம மறைச்சிடும்.

பாபநாசம் அம்மா:
என் பொண்ணுக்கு சிரங்கு போன பிறகும் சில வாரத்துக்கொரு முறை உள்ளங்காலில் கொப்புளம் வந்து வந்து போச்சு. நாங்க திரும்பத் திரும்ப சிரங்கு மருந்தே கேட்டோம். தோல் டாக்டர்தான் 'இன்ஃபன்டைல் அக்ரோபஸ்டுலோசிஸ்'னு பேர் சொன்னார். தொத்தாது, பூச்சியும் கிடையாது. பொதுவா ரெண்டு மூணு வயசுல தானா நின்னுடுமாம். அரிப்புக்கு மட்டும் அவர் எழுதின களிம்பு. மூணு வயசுக்குள்ள நின்னுடுச்சு.

நீடாமங்கலத்து மருமகள்:
நாளைக்கு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் தோல் ஓ.பி.க்குப் போறோம். மாமியாரும் வர்றாங்க, கையைக் காட்டணுமாம்.

ரிட்டயர்டு கிராம நர்ஸ்:
நல்லதாப் போச்சு. நடுவுல கால் வீங்கினா, காய்ச்சல் வந்தா, பால் குடிக்க மறுத்தா ஓ.பி. நேரம் பாக்காம உடனே தூக்கிட்டுப் போ.