காலில் நரம்பு சுருட்டல்: லேசரா, ஊசியா, காலுறையா, எதை முதலில் செய்வது?

வண்ணை வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையின் புடவைப் பிரிவில் 19 ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். காலை பத்து மணிக்கு நின்றால் இரவு ஒன்பது மணி வரை, சாப்பிடும் நேரம் தவிர, நின்றபடியேதான் வேலை. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் அந்தச் சாப்பாட்டு நேரமும் சுருங்கிவிடும்.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இடது கெண்டைக்காலில் பச்சையாகத் தெரியத் தொடங்கிய நரம்பு, இப்போது விரல் தடிமனில் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கிறது. மாலையானால் கணுக்கால் வீங்குகிறது, கால் கனக்கிறது, இரவில் கெண்டை இழுத்துப் பிடிக்கிறது. இந்த ஆண்டு கணுக்காலின் உட்புறத்தில் தோல் கருத்து, அரிப்பும் சேர்ந்திருக்கிறது. வலது காலில் புடைப்பு இல்லை. தொடையிலும் முட்டியின் பின்புறமும் சிலந்தி வலை போலச் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள் மட்டும் உள்ளன.

எங்கள் தெருவில் எல்லோரும் நரம்புக் கோளாறு என்றே சொன்னதால், ஒரு நரம்பியல் மருத்துவரிடம்தான் முதலில் போனேன். அதற்கு முன்பே எட்டு மாதம் நரம்புக்குச் சத்து மாத்திரை சாப்பிட்டிருந்தேன்; வீக்கம் கொஞ்சமும் குறையவில்லை. பிறகு விளம்பரம் பார்த்துப் போன ஒரு தனியார் மருத்துவமனையில், ஸ்கேன் எதுவும் எடுக்காமலேயே, இரண்டு கால்களுக்கும் சேர்த்து லேசர் செய்யலாம் என்று ஒரு தொகையைச் சொல்லி, அந்த வாரமே முன்பணம் கட்டச் சொன்னார்கள். அந்தத் தொகை என் ஐந்து மாதச் சம்பளம். உண்மையில் இரண்டு கால்களுக்கும் லேசர் தேவையா? காலை இறுக்கிப் பிடிக்கும் அழுத்தக் காலுறை மட்டும் போட்டுச் சமாளிக்க முடியாதா? நரம்பை மூடிவிட்டால் அதில் ஓடும் இரத்தம் எங்கே போகும்? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கடற்கரை மருத்துவர் எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். இரத்தநாள அறுவைச் சிகிச்சைத் துறையில் பல ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உங்கள் கால்களைப் பார்க்காமல் உங்களுக்கென்று ஒரு முடிவைச் சொல்ல மாட்டேன். எந்த வரிசையில் யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்த நோயில் நம் மக்களை முதலில் தவறான வாசலுக்கு அனுப்புவது நரம்பு என்ற சொல்தான். உங்கள் காலில் புடைத்திருப்பது உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு அன்று. பாதத்திலிருந்து இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பி அனுப்பும் சிரை என்னும் இரத்தக்குழாய். அதனால்தான் சத்து மாத்திரையால் பயன் கிடைக்கவில்லை. நீங்கள் பார்க்க வேண்டியவர் இரத்தநாள அறுவை மருத்துவர்; அவர் கிடைக்காவிட்டால் இதில் பயிற்சியுள்ள பொது அறுவை மருத்துவர்.

நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே ஏற்றுகிறது. ஏறிய இரத்தம் கீழே இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. வாஷர் தேய்ந்த பம்பில் ஏறிய தண்ணீர் மீண்டும் இறங்கிவிடுவதைப் போல, வால்வு பழுதானால் இரத்தம் கீழ்நோக்கித் திரும்பி, தோலடிச் சிரைகளை விரித்து, நாளடைவில் முறுக்கிவிடுகிறது. அசையாமல் நிற்கும் வேலையில் தசை பிழிவதே நடப்பதில்லை என்பதால் அழுத்தம் மேலும் கூடுகிறது. பரம்பரை, பிரசவங்கள், உடல் எடை, வயது ஆகியவையும் காரணங்கள்.

இரண்டு கால்களுக்கும் ஒரே சிகிச்சையா என்ற உங்கள் கேள்விக்கு விடை டாப்ளர் ஸ்கேனில்தான் இருக்கிறது. இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை ஒலி அலைகளால் காட்டும் இந்த ஸ்கேனை உங்களை நிற்கவைத்துச் செய்ய வேண்டும். கெண்டையை அழுத்திவிட்டு விடும்போது தோலடிச் சிரையில் இரத்தம் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால், அந்த இடத்தில் வால்வு பழுது என்று கொள்கிறோம். கசிவு தொடையிடுக்கில், காலின் உட்புறம் ஏறும் பெரிய தோலடிச் சிரையான பெருஞ்சிரை ஆழத்துச் சிரையோடு சேரும் இடத்திலேயே இருக்கிறதா, முட்டியின் பின்புறம் உள்ள சிறு சிரையிலா, ஆழத்துச் சிரையில் பழைய அடைப்பு ஏதும் உள்ளதா என்பவை தெரியாமல், எந்தக் குழாயை மூடுவது என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் இல்லாமல் முன்பணம் கேட்ட இடத்துக்கு நீங்கள் திரும்பிப் போக வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்கள் வலது காலில் இருப்பவை சிலந்திச் சிரைகள் போலத் தெரிகின்றன. இவை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலமுள்ளவை. 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் புடைத்தால்தான் சுருள் சிரை என்கிறோம். சிலந்திச் சிரைகளால் பொதுவாக ஆபத்து இல்லை. அழகுக்காகவோ, எரிச்சல் இருந்தாலோ, பாலிடோகனால், சோடியம் டெட்ராடெசில் சல்பேட் போன்ற மருந்தை மிக மெல்லிய ஊசியால் செலுத்திச் சுருங்கச் செய்யலாம். ஒரே அமர்வில் முடியாது; சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டு மூன்று முறை தேவைப்படும். ஊசி போட்ட இடத்தில் பழுப்புக் கறை சில மாதங்கள் நிற்கலாம், புதிய கோடுகளும் பின்னாளில் தோன்றலாம். உள்ளே பெரிய சிரையில் கசிவை வைத்துக்கொண்டு மேலே உள்ள கோடுகளுக்கு மட்டும் ஊசி போட்டால் அவை விரைவில் திரும்பி வரும்.

இடது காலில்தான் என் கவலை. கணுக்காலின் உட்புறம் தோல் கருப்பது வெறும் நிறமாற்றம் அன்று. அழுத்தம் தாளாமல் கசிந்த இரத்த அணுக்களின் இரும்பு தோலில் படிந்ததன் அடையாளம் அது; அதற்கு அடுத்த படி ஆறாத புண். இந்த நிலையில் கசிவு உறுதியானால் அதை மூடுவதே நல்லது. பெருஞ்சிரைக்குள் மெல்லிய இழையைச் செலுத்தி லேசராலோ ரேடியோ அலைவரிசையாலோ சூடேற்றி மூடுவதையே 2013-இல் வெளியான பிரிட்டனின் நைஸ் என்ற மருத்துவத் தர அமைப்பின் வழிகாட்டுதல் முதல் தேர்வாகச் சொல்கிறது. அது பொருந்தாதவர்களுக்கு மருந்தை நுரையாக்கிச் செலுத்தும் முறை. அதுவும் பொருந்தாவிட்டால் அறுவைச் சிகிச்சை. சிரையைச் சுற்றிலும் மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்த உப்புநீரை நிரப்பிவிட்டுச் செய்வதால் லேசருக்கும் ரேடியோ அலைவரிசைக்கும் பெரும்பாலும் முழு மயக்கம் தேவையில்லை. அன்றே நடந்து வீடு திரும்பலாம். சிராய்ப்பு போன்ற நீலமும் சில இடங்களில் மரத்த உணர்வும் சில வாரங்கள் இருக்கும். ஆழத்துச் சிரையில் இரத்தம் உறைவது அரிது, ஆனாலும் நேரக்கூடியது. அதனால்தான் முடிந்த உடனே நடக்கச் சொல்கிறோம். பசை கொண்டு மூடும் முறையும் இப்போது உள்ளது. அதற்குச் செலவு கூடுதல்.

பழைய முறையில் தொடையிடுக்கில் கீறிச் சிரையைக் கட்டி உருவி எடுக்கும் அறுவையைத் தாழ்வாக நினைக்க வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் எத்தனையோ பேருக்கு அதுதான் நிவாரணம் தந்திருக்கிறது. ஓய்வு நாட்கள் சற்றே கூடும், அவ்வளவுதான். எந்த முறையிலும் சில ஆண்டுகளுக்குப் பிறகு வேறு சிரையில் சுருட்டல் வரலாம் என்பதை உங்கள் மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

இரத்தம் எங்கே போகும் என்று கேட்டிருந்தீர்கள். காலின் இரத்தத்தில் மிகப் பெரும்பகுதியை ஆழத்துச் சிரைகளே கொண்டு செல்கின்றன. பழுதான தோலடிச் சிரை இரத்தத்தைத் திருப்பிவிட்டு அவற்றின் வேலையைக் கூட்டிக்கொண்டிருந்தது. அதை மூடினால் சுமை குறையும். ஆழத்துச் சிரை திறந்திருக்கிறதா என்பதை ஸ்கேனில் உறுதிசெய்வதும் இதற்காகவே.

காசிமேட்டுக்காரர் எழுதியது:

தங்கைக்கு வணக்கம். எனக்கு 61 வயது. துறைமுகத்தில் ஐஸ் பெட்டி சுமந்து, ஈரத்தில் நின்று 30 ஆண்டுகள் உழைத்தவன். உங்களுக்கு வந்திருக்கும் அந்தக் கருப்பு எனக்கும் வந்தது. மீன் தண்ணீரில் வந்த சொறி என்று நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பெட்டி உரசி ஏற்பட்ட சிறு காயம் புண்ணாகி நான்கு ஆண்டுகள் ஆறவில்லை. நாற்றத்தால் பேரப்பிள்ளைகள் பக்கத்தில் வரத் தயங்கிய நாட்களை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. சர்க்கரைப் புண் என்று ஓரிடத்தில் சொல்லி மாதக்கணக்கில் வெறும் கட்டு மட்டுமே கட்டினார்கள். எனக்குச் சர்க்கரையே கிடையாது.

கடைசியில் ஸ்டான்லி மருத்துவமனையில் என்னை நிற்கவைத்து ஸ்கேன் எடுத்து, சிரையில் கசிவு என்று கண்டுபிடித்தார்கள். பாதத்திலிருந்து முட்டி வரை பல அடுக்காக அழுத்தக் கட்டு போட்டார்கள், பிறகு அறுவை செய்தார்கள். சில மாதங்களில் புண் மூடியது. புறநோயாளிச் சீட்டுக்குக் காலையிலேயே வரிசையில் நிற்க வேண்டும், இரண்டு மூன்று முறை அலைய வேண்டும் என்பது உண்மைதான். ஆனாலும் என் கால் எனக்குத் திரும்பக் கிடைத்தது அங்கேதான். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் சென்று, உங்களுக்குச் சொல்லும் சிகிச்சை அதில் வருமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு முறை குளிக்கும்போது முடிச்சு ஒன்று உடைந்து இரத்தம் பீறிட்டது. நான் நின்றபடியே தொடையில் துண்டை இறுக்கிக் கட்டினேன். இரத்தம் நிற்கவே இல்லை.

கடற்கரை மருத்துவர் எழுதியது:

பெரியவர் சொன்னதை எல்லோரும் கவனிக்க வேண்டும். அப்படி இரத்தம் வந்தால் உடனே தரையில் படுத்து, காலை இதயத்துக்கு மேலாக உயர்த்தி, கசியும் இடத்திலேயே சுத்தமான துணியால் பத்து நிமிடமாவது விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். மேலே இறுக்கிக் கட்டினால் சிரை இரத்தம் தேங்கிப் பெருக்கு கூடும். இரத்தம் நின்ற பிறகும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுபோல, ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலும், மூச்சுத் திணறல் சேர்ந்தாலும் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது.

புண் வந்த பிறகும் கசிவை மூடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. 2018-இல் பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்து வெளியான ஆய்வில், அழுத்தக் கட்டோடு உடனே சிரையையும் மூடியவர்களில் பாதிப் பேருக்கு 56 நாட்களுக்குள் புண் ஆறியது. தள்ளிப்போட்டவர்களில் அதற்கு 82 நாட்கள் ஆயின.

பூக்கடை செல்வி எழுதியது:

அக்கா, நானும் கடை ஊழியர்தான். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர் அனைவருக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். எங்கள் கடையில் நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் முக்காலிகள் வந்தன. தனியாகக் கேட்டவரை யாரும் பொருட்படுத்தவில்லை. உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசு காப்பீட்டுக்குப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கடிதம் வாங்கிக்கொண்டு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம்.

வண்ணை வாசகி எழுதியது:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. 19 ஆண்டுகளாகப் பிடித்தம் செய்யும் இ.எஸ்.ஐ.யை நான் காய்ச்சலுக்குக்கூடப் பயன்படுத்தியதில்லை. டாப்ளர் எடுத்துவிட்டேன். இடது காலில் தொடையிடுக்கிலிருந்தே பெருஞ்சிரையில் கசிவு, ஆழத்துச் சிரைகள் சீர், வலது காலில் கசிவு இல்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. இடது காலை மூடுவதற்குப் பெயர் பதிந்திருக்கிறேன். அதுவரை காலுறை போடச் சொன்னார்கள். இந்த வெயிலில் பதினொரு மணி நேரம் அதைப் போட்டிருக்க முடியுமா என்பதே இப்போது என் அச்சம்.

கடற்கரை மருத்துவர் எழுதியது:

நல்ல செய்தி. வலது காலுக்கு இப்போது ஒரு ரூபாயும் செலவழிக்க வேண்டாம்.

காலுறைக்கு முன் பாதத்து நாடித்துடிப்பையும், தேவைப்பட்டால் கணுக்கால் இரத்த அழுத்தத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். காலுக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு உள்ளவர்களுக்கு இறுக்கமான காலுறை தீங்கு செய்யும். அது சரியென்றால் முட்டிக்குக் கீழே வரையுள்ள காலுறையே பெரும்பாலும் போதும். கணுக்காலையும் கெண்டையையும் காலையில் வீக்கம் இல்லாதபோது அளந்து வாங்குங்கள். மருந்துக்கடையில் தோராயமாகக் கொடுப்பதை வாங்கினால் முட்டிக்குக் கீழே வெட்டும், கணுக்காலில் தளரும். எழுந்தவுடன், கால் வீங்கும் முன் போட்டுக்கொண்டு இரவு படுக்கும்போது கழற்றிவிடலாம். விரல் பகுதி திறந்த வகை நம் வெயிலுக்குச் சற்றுத் தாங்கும். இரண்டு ஜோடி இருந்தால் ஒன்றைத் துவைத்து நிழலில் உலர்த்தலாம். கழற்றியதும் அரிக்கும் இடத்தில் வாசனையில்லாத களிம்பைத் தடவுங்கள், சொறிய வேண்டாம். முதல் வாரம் பதினொரு மணி நேரமும் தாங்க முடியாவிட்டால் மதியம் வரையாவது போடுங்கள். புடவை மடிக்கும்போது நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருங்கள். பிரித்த ஒவ்வொரு புடவைக்கும் பத்து முறை என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும்.