புரியில்லாத பிஸ்டலுக்கு மருந்து எவ்வளவு, குண்டு எந்த அளவு?

கொட்டகலை மாமா:
வணக்கம். அக்கா மகன் இங்கிலாந்தில் ஒரு சுடும் கிளப்பில் சேர்ந்திருக்கிறான். லைசன்சும் எடுத்தாயிற்று. கையில் இருப்பது பெடெர்சோலி செய்த குயீன் ஆன் பிஸ்டல். 0.50 அங்குல வாய், கல் உரசும் பொறியில் வெடிக்கும் கல் பற்றவைப்பு, குழலுக்குள் புரி, அதாவது குண்டைச் சுழற்றும் திருகுப் பள்ளம், கிடையாது. 30 கிரெய்ன் வெடிமருந்தும் 0.490 அங்குலக் குண்டும் போடுகிறான். இடிகோலால் குண்டை இறக்கவே முடியாமல் இறுகுகிறது, 25 மீட்டரில் குண்டு எங்கே போகிறது என்று தெரியவில்லை. மருந்தைக் கூட்டினால் சரியாகுமா என்று கேட்கிறான். சில நேரம் "புஸ்ஸ்" என்று இழுத்துவிட்டுத்தான் வெடிக்கிறதாம். விவரம் தெரிந்தவர்கள் தமிழில் எழுதினால் அப்படியே அனுப்பிவிடுவேன்.

லிந்துலை கம்மாலை:
மாமா, கூட்ட வேண்டாம், குறைக்கச் சொல்லுங்க. முதலில் துவக்கோடு வந்த புத்தகத்தைப் பார்க்கட்டும். கம்பனி சொன்ன உச்ச அளவைத் தாண்டுகிற பேச்சே வேண்டாம். அதற்குள் நின்றுகொண்டு 20 கிரெய்னில், அதாவது 1.3 கிராமில் ஆரம்பிக்கலாம். மூன்று எஃப் பருமன் கருமருந்துதான் போட வேண்டும், எஃப் கூடக்கூட மணி பொடியாகும். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது, குழல் பிளந்துவிடும். பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்துகள் பற்றுவதற்குக் கருமருந்தைவிடக் கூடுதல் சூடு கேட்கும், கல் பற்றவைப்புக்குச் சரிவராது.

கூட்டினால் ஏன் பலனில்லை என்றால், குழல் குட்டை. ஓர் அளவுக்கு மேல் போட்ட மருந்து குழலுக்குள் எரிந்து முடியாமல் வாய்க்கு வெளியே தீயாகப் போகும். கை உதறும், கரி கூடும், குண்டுக்கு வேகம் அதற்கேற்ற மாதிரி ஏறாது. 20இல் ஐந்து குண்டு, 22இல் ஐந்து, 24இல் ஐந்து என்று தனித்தனித் தாளில் சுட்டுப் பார்க்கட்டும். எந்தத் தாளில் ஓட்டைகள் நெருங்கி விழுகின்றனவோ அந்த அளவோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தத் துவக்கில் குறிபார்க்கக் கண்ணியே கிடையாது. அதனால் இந்தச் சோதனையை 10 மீட்டரில் செய்யட்டும். 25 மீட்டரில் தப்புவது மருந்தாலா கையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

குண்டு இறுகுவதற்குக் கணக்கு இருக்கிறது. 0.50 என்றால் 12.70 மில்லிமீட்டர், 0.490 குண்டு 12.45. நடுவில் வைத்தால் சுற்றிலும் கிடைக்கும் இடைவெளி 0.125. அதில், குண்டு ஆடாமல் இருக்கச் சுற்றி வைக்கும் துணி 0.25 கனமாக இருந்தால் துணி பாதியாக நசுங்க வேண்டும். புரியுள்ள குழலில் நசுங்கிய துணி பள்ளங்களுக்குள் ஒதுங்கும், இங்கே ஒதுங்க இடமில்லை. 0.480 குண்டும், 12.19 மில்லிமீட்டர், 0.38 கனத் துணியும் போட்டால் இடைவெளி 0.255 ஆகிறது, துணி மூன்றில் ஒரு பங்குதான் நசுங்கும். கட்டைவிரலால் வாயில் அமுக்கி, குட்டைக் கோலால் ஒரு தட்டுத் தட்டி, பிறகு ஒரே சீராக இறக்கலாம். ஆனால் ஒவ்வொரு குழலும் ஒரு முடி அளவு வித்தியாசப்படும். கலிப்பர் அளவுகருவியை வைத்து வாயை அளந்துவிட்டுத்தான் குண்டு அச்சு வாங்க வேண்டும்.

துணி முழுப் பருத்தியாக இருக்கட்டும், டிரில் துணி நல்லது. நைலோன் கலந்தது உருகிக் குழலில் ஒட்டும். தேன்மெழுகும் ஒலிவ் எண்ணெயும் கலந்து தடவலாம். வண்டி கிரீஸ் வேண்டாம், கருமருந்தோடு சேர்ந்து தார் மாதிரிப் படியும்.

சுட்டபின் தரையில் விழுந்த துணியைப் பொறுக்கிப் பார்க்கச் சொல்லுங்க. நடுவில் ஓட்டை விழுந்து கருகியிருந்தால் தீ துணியைத் தாண்டிக் குண்டைத் தொடுகிறது. ஓரம் கத்தி வைத்த மாதிரிக் கிழிந்திருந்தால் குழல் வாயின் விளிம்பு கூர், மெல்லிய உப்புத்தாளால் மழுக்க வேண்டும். பழுப்பு வளையம் மட்டும் விழுந்து முழுசாக இருந்தால் அளவு சரி.

நானுஓயா மூடுபனி:
கம்மாலை அண்ணன் சொன்ன அளவுகளோடு ஒத்துப்போகிறேன். துணி நடுவில் கருகுகிறது என்றால் குண்டை மாற்றுவதற்கு முன், மருந்துக்கு மேல் கொஞ்சம் ரவை போட்டுப் பார்க்கலாம். நம்ம உப்புமா ரவையேதான். போட்டிக்குச் சுடுகிறவர்கள் பிஸ்டலில் வழக்கமாகப் போடுவதுதான் இது. 10 கிரெய்ன் மருந்து பிடிக்கும் அளவுக் கிண்ணத்தால் ஒன்று போதும். துணியின் எண்ணெய் மருந்தில் ஊறுவதையும் அது தடுக்கும்.

"புஸ்ஸ்" என்று இழுப்பது வேறு பிரச்சினை. குழலுக்கு வெளியே பற்றவைப்பு மருந்து வைக்கும் கிண்ணியில் மருந்தைக் குவித்துப் போடுகிறான் போலிருக்கிறது. கிண்ணியிலிருந்து குழலுக்குள் தீ போகும் காதுத்துளை மருந்தால் அடைபட்டால் தீ தாவிப் போகாமல் திரி மாதிரி ஒவ்வொரு மணியாக எரிந்து உள்ளே போகும், அந்த இழுப்புத்தான் அது. கிண்ணிக்கு நான்கு எஃப் பொடிமருந்து, மூன்றில் ஒரு பங்கு, துளையின் மட்டத்துக்குக் கீழே, துளையிலிருந்து சற்றுத் தள்ளி. குழலில் மருந்து போடும்போதே துளைக்குள் ஒரு மெல்லிய கம்பியைச் செருகி வைத்து, குண்டு இறங்கியபின் உருவினால் தீ போக வழி திறந்திருக்கும். கல்லின் விளிம்பு, அது மோதிப் பொறி பறக்கும் உரசுதகட்டுக்கு நேராக, முழு அகலத்திலும் படவேண்டும். ஒரு மூலை மட்டும் பட்டால் பொறி குறையும். கல்லைத் தோல் துண்டில் சுற்றி இறுக்கினால் நழுவாது.

ஈரத்தையும் மறக்கக்கூடாது. எரிந்த கரி காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நுவரெலியாப் பனியில் உப்புச் சாடி நீர்த்துப்போகிற மாதிரிக் கிண்ணிக்குள் கறுப்புச் சேறு கட்டும், அதன்மேல் புதுமருந்து போட்டால் பற்றாது. இங்கிலாந்து மழைநாளிலும் அதே கதைதான். ஒவ்வொரு வேட்டுக்கும் பிறகு கிண்ணியையும் தகட்டையும் உலர்ந்த துணியால் துடைத்து, குழலுக்குள் லேசாக நனைத்த துணி ஒன்று, உலர்ந்தது ஒன்று. நனைத்தது சொட்டக்கூடாது.

கொட்டகலை மாமா:
ரொம்ப நன்றி. இப்போதுதான் கேட்டேன், மருந்துக் குடுவையிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டுகிறானாம். குண்டு அடிவரை போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்கிறான்.

லிந்துலை கம்மாலை:
குடுவையை உடனே நிறுத்தச் சொல்லுங்க மாமா! குழலடியில் ஒரு கங்கு மிச்சமிருந்தால் கையில் இருக்கும் குடுவை முழுதும் வெடிக்கும். வீட்டிலேயே தராசில் நிறுத்து, ஒரு வேட்டுக்கு ஒரு சின்னக் குழாய் என்று மூடி எடுத்துப் போக வேண்டும். எம்.எல்.ஏ.ஐ.சி. என்ற, வாய்வழி மருந்து போடும் துவக்குகளுக்கான சர்வதேச அமைப்பின் போட்டிகளிலும் அப்படித்தான்.

குண்டு அடியைத் தொட்டதா என்பதற்கு இடிகோலில் அடையாளம் வைக்க வேண்டும். வெறுங்குழலில் கோலை விட்டு வாய் மட்டத்தில் ஒரு கீறல். மருந்தும் குண்டும் சரியாக அமர்ந்தபின் இரண்டாவது கீறல். அடுத்த ஒவ்வொரு வேட்டிலும் இரண்டாவது கீறல் வாய் மட்டத்துக்கு வந்தாக வேண்டும். கீறல் மேலே நின்றால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம். அப்படியே சுட்டால் அந்த இடத்தில் குழல் வீங்கும், வெடிக்கவும்கூடும். கீழே இறங்கினால் மருந்து போட மறந்துவிட்டான் என்று அர்த்தம். மறந்தால் அவனாக நோண்ட வேண்டாம், கிளப்பில் குண்டு உருவும் திருகு வைத்திருப்பார்கள்.

விசையை அழுத்தியும் வெடிக்காவிட்டால் குழல் இலக்கைப் பார்த்தபடியே முழுசாக ஒரு நிமிடம். கிட்டக் கொண்டுவந்து எட்டிப் பார்க்கவே கூடாது.

தலவாக்கலை வாசகன்:
குண்டைப் பற்றி ஒன்று. புரி இல்லாததால் குண்டு சுழன்று தன் கோணலைச் சரிக்கட்டிக்கொள்ளாது. அதனால் நல்ல குண்டு மட்டும்தான் தோட்டாப் பெட்டிக்குள் போக வேண்டும். மென்மையான தூய ஈயத்தில் வார்த்த 0.480 குண்டு சுமார் 166 கிரெய்ன், 10.8 கிராம் வரும். எல்லாவற்றையும் நிறுத்து, ஒரு கிரெய்னுக்கு மேல் குறைகிறதை ஒதுக்கி வைத்து மறுபடி உருக்கலாம். எடை குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது. அச்சிலிருந்து வெட்டிய தழும்பு எப்போதும் மேலே பார்க்க வைக்க வேண்டும். டயர் எடை ஈயத்தில் கலப்பு இருப்பதால் கடினமாகவும் கொஞ்சம் பெரிதாகவும் வரும், திரும்ப இறுகும்.

பின்னாளில் போட்டி ஆசை வந்தால் "கொமினாட்சோ" என்ற பிரிவு இருக்கிறது. கார்தோனே ஊரில் துவக்குக் குழல் செய்த இத்தாலியக் குடும்பத்தின் பெயர். புரியில்லாத கல் பிஸ்டலுக்கானது, 25 மீட்டர், அரை மணிக்குள் 13 வேட்டு, அதில் சிறந்த 10ஐ எண்ணுவார்கள். அதற்குக் கண்ணியுள்ள வேறு பிஸ்டல் இருந்தால் நல்லது.

இங்கே தோட்டப்பக்கம் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். இந்த அளவுகள், சோதித்து முத்திரை அடித்த குழலுக்கு மட்டும். பன்றிக்கு என்று தண்ணீர்க் குழாயில் செய்கிற துவக்குக்கும், பொறியாகக் கட்டிவைக்கிற கட்டுத்துவக்குக்கும் இதில் ஒரு வரிகூடப் பொருந்தாது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் வைத்திருப்பது 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டப்படி குற்றம், அதில் சாவது பன்றி மட்டுமில்லை, கொழுந்தெடுக்கப் போகிறவர்களும்தான்.

நானுஓயா மூடுபனி:
சுட்ட அன்றைக்கே கழுவச் சொல்லுங்க மாமா, மறுநாள் என்றால் துரு பிடித்திருக்கும். கொதிநீரில் சொட்டு சோப்பு, துளை வழியாகத் தண்ணீர் தெளிவாக வரும்வரை. சூட்டிலேயே குழல் காய்ந்துவிடும், பிறகு மெல்லிய எண்ணெய். அடுத்த தடவை மருந்து போடுமுன் அந்த எண்ணெயை ஒட்டத் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் வேட்டு பற்றாது.