லாரா 2.0 டிடிஐ: டியூனிங்குக்கு ரெண்டாவது இசியு, எந்த நம்பரைப் பார்த்து வாங்கறது?

கொழிஞ்சாம்பாறை_டிடிஐ
வண்டி ஸ்கோடா லாரா 2.0 டிடிஐ (டர்போ டீசல்), காமன் ரயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பிரஷர் குழாய்ல டீசல் போற வகை), மேனுவல். ஒரிஜினல் இசியுவை (என்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர்) தொடாம ஸ்டாக்காவே எடுத்து வெச்சுட்டு, இன்னொண்ணு வாங்கி அதுல ஸ்டேஜ் 1 ஃபைல் (பவர் கூட்டற சாஃப்ட்வேர்) ஏத்தலாம்னு இருக்கேன். விசிடிஎஸ் ஸ்கேன் சாஃப்ட்வேர்ல 03எல் 906 018-ன்னு காட்டுது, பின்னாடி ரெண்டு எழுத்து. ஹார்டுவேர் 03எல் 907 309. கோயமுத்தூர் உக்கடத்துல ஒண்ணு இருக்கு, 03எல் 906 022. திருச்சூர் பக்கம் பொளி மார்க்கெட்ல (பழைய வண்டி உடைக்கற இடம்) இன்னொண்ணு, 018தான், ஆனா கடைசி எழுத்து வேற. ரெண்டு கடைக்காரரும் "லாராவோடதுதான், மாட்டினா ஓடும்"ங்கறாங்க. எதை எடுக்கலாங்க?

பெஞ்ச்_பவர்
022-ஐ விட்டுருங்க. அது பாஷ் கம்பெனியோட இடிசி17 சிபி14 மாடல், உங்களுது இடிசி17 சி46. பாஷ் பேர் வெக்கறதுலயே விஷயம் இருக்கு: சி-ன்னா காமன் ரயில், சொலினாய்டு (மின்காந்தக் காயில்) இன்ஜெக்டர், சிபி-ன்னா காமன் ரயில், பீசோ (கரண்ட் கொடுத்தா நீளற படிகம்) இன்ஜெக்டர், யு-ன்னா பம்பும் இன்ஜெக்டரும் ஒண்ணாயிருக்கற பழைய பிடி என்ஜின். பீசோவை ஓட்டற டிரைவர் சர்க்யூட்டே வேற, அதை சாஃப்ட்வேர் போட்டு மாத்த முடியாது. மாட்டினா ஸ்டார்ட் ஆகாது, போதாக்குறைக்கு இன்ஜெக்டரோ டிரைவரோ அடிபடும். ரெண்டுலயும் 94 பின், 60 பின் சாக்கெட்தான், ப்ளக் கச்சிதமா உட்காரும். அதை வெச்சுத்தான் கடைக்காரர் "ஓடும்"ங்கறார்.

சந்தேகம்னா என்ஜின் கவரைக் கழட்டி இன்ஜெக்டர் உடம்புல இருக்கற பாஷ் நம்பரைப் பாருங்க. 0 445 110-ல ஆரம்பிச்சா சொலினாய்டு, 0 445 116-ன்னா பீசோ.

மீனாட்சிபுரம்_கேரேஜ்
018-லயும் கடைசி எழுத்து அதேதான் இருக்கணும். 110 குதிரைத்திறனுக்கு ஒண்ணு, 140-க்கு ஒண்ணு, மேனுவலுக்கு ஒண்ணு, டிஎஸ்ஜிக்கு (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) ஒண்ணுன்னு எழுத்து மாறும். வேற எழுத்தை மாட்டினா கியர்பாக்ஸோட பேசாது, இம்மொபிலைசர் (சாவியைச் சரிபார்க்கற திருட்டுத் தடுப்பு) பூட்டிக்கும்.

பெஞ்ச்_பவர்
அப்படியே மாட்டறதுன்னா நீங்க சொல்றது சரிங்ணா. இவர் கையில ஓடற ஒரிஜினல் இருக்கே, குளோன் பண்ணிக்கலாம். ஒரிஜினல்ல இருந்து ஃபிளாஷ், ஈப்ராம்னு ரெண்டு மெமரியையும் முழுசாப் படிச்சு புதுசுல எழுதிட்டா எழுத்து, இம்மொபிலைசர், கோடிங் எல்லாம் உங்க வண்டியோடதா ஆயிரும். அப்போ பொருந்த வேண்டியது ஹார்டுவேர் மட்டும்தான்: லேபிள்ல 0 281-ல ஆரம்பிக்கிற பாஷ் நம்பர் முழுசும், 03எல் 907 309-க்குப் பின்னாடி வர்ற எழுத்தும். 0 261-ன்னு இருந்தா பெட்ரோல் இசியு, பேச்சே வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை_டிடிஐ
லேபிளை நம்பலாமுங்களா? விசிடிஎஸ்ல காட்டறதும் என் இசியு லேபிளும் சாஃப்ட்வேர் நம்பர்ல ஒத்துப் போகலை.

பெஞ்ச்_பவர்
ஷோரூம்ல அப்டேட் போட்டா உள்ளே நம்பர் மாறும், லேபிளை யாரும் மாத்தி ஒட்டமாட்டாங்க. அதனால சாஃப்ட்வேருக்கு ஸ்கேனை நம்புங்க, ஹார்டுவேருக்கு லேபிளையும் ஸ்கேனையும் ஒத்துப் பாருங்க. லேபிள் ஓரம் தூக்கியிருந்தாலோ, மூடி சேர்ற இடத்துல கலர் மாறின சிலிகான் தெரிஞ்சாலோ ஏற்கனவே திறந்த பெட்டி. பெஞ்ச்ல (வண்டியில மாட்டாம மேசையில வெச்சு) கரண்ட் கொடுத்து ஐடி படிச்சுக் காட்டினா மட்டும் பணம் கொடுங்க. 1037-ல ஆரம்பிக்கிற பாஷ் சாஃப்ட்வேர் நம்பர் அதுல வரும், அதையும் குறிச்சுக்கோங்க.

குளோன் பண்றப்போ ஸ்டெடியான 12 வோல்ட் சப்ளை வேணும். எழுதறப்போ வோல்டேஜ் விழுந்தா பாதியில செத்துரும். பூட் மோடுல (போர்டுல நேரா வயர் தொட்டு) படிக்கறதுக்காகப் பெட்டியைத் திறந்தா, வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் போட்டு மூடாதீங்க, அந்த ஆசிட் போர்டை அரிக்கும். நியூட்ரல் சிலிகான் கேட்டு வாங்குங்க. முதல்ல ஸ்டாக் ஃபைலோட குளோன் பண்ணி வண்டியை ஓட்டிப் பாருங்க, டியூன் அதுக்கப்புறம். ரெண்டையும் சேர்த்து ஏத்திட்டு ஸ்டார்ட் ஆகலைன்னா தப்பு குளோன்லயா ஃபைல்லயான்னு தேடிட்டே கிடக்கணும். ஸ்டார்ட் ஆனதும் இன்ஜெக்டர் தலையில இருக்கற 7 எழுத்துக் கோடும் (அந்த இன்ஜெக்டருக்கான டீசல் அளவுத் திருத்தம்) இசியுல இருக்கறதும் சிலிண்டர் வாரியா ஒண்ணாயிருக்கான்னு பாருங்க.

மீனாட்சிபுரம்_கேரேஜ்
குளோன்னா நான் சொன்னது பொருந்தாது, ஒத்துக்கறேன். திருச்சூர் பக்கம் வாங்கறதால இன்னொண்ணு. 2018 வெள்ளத்துல ஆலுவா, சாலக்குடிப் பக்கம் முங்கின வண்டிங்க நிறைய உடைக்கப் போச்சு. சாக்கெட்டுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. பின் அடியில பச்சையாவோ வெள்ளையாவோ பூத்திருந்தா வேண்டாம். துடைச்சு வெச்சிருப்பாங்க, அதனால ஓரத்து பின்னுங்க ரொம்பப் பாருங்க. இன்னைக்கு ஐடி படிக்கும், மழைக்காலத்துல மக்கர் பண்ணும்.

ஒரிஜினலைப் படிச்ச ஃபைலை ரெண்டு இடத்துல வெச்சுக்கோங்க. ஒரிஜினல் செத்தப்புறம் ஃபைலும் இல்லைன்னா எழுத்துப் பொருத்தம், இம்மொபிலைசர்னு நான் சொன்ன வழியிலதான் அலையணும்.

வேலந்தாவளம்_ரோடு
110 வண்டின்னா ஸ்டாக் டார்க்கே 250 நியூட்டன் மீட்டர். ஃபைல் போடறவர் 300-க்கு மேல கொடுத்தா கிளட்சைக் கவனிங்க: மூணாவது, நாலாவது கியர்ல ஆக்ஸிலரேட்டரை அழுத்தறப்போ ஆர்பிஎம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குதுன்னு அர்த்தம். கீழ் ஆர்பிஎம்ல டார்க் குறைச்ச ஃபைலாக் கேளுங்க. புகையும் குறையும், பாலக்காட்டுல புகை டெஸ்ட்டுக்கும் தொந்தரவு இருக்காது.