மறு: எனர்ஜி கிராஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

நண்பர்களுக்கு வணக்கம். எரிபொருளுக்கென்றே வளர்க்கும் பல்லாண்டுப் புல்லை ஆங்கிலத்தில் 'எனர்ஜி கிராஸ்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ப்பெயர் தேடி நீங்கள் எழுதியவற்றை மேற்கோளாக வைத்துப் பதில் சொல்கிறேன்.

> "நிலைபேற்றுப் பல்லாண்டு உயிரி ஆற்றல் புல்" என்றால் பொருள் முழுதாக வந்துவிடும்.

வரும். ஆனால் நடுகிற விவசாயி அதை ஒரு மூச்சில் சொல்லி முடிக்க வேண்டாமா? 'உயிரி' இங்கே வெறும் சுமை. உயிரில்லாத புல் எது? மாட்டுக்கு வளர்ப்பது தீவனப்புல். எரிபொருளுக்கு வளர்ப்பதை எரிபுல் என்போம். எரிபொருள், எரிவாயு வரிசையில் ஒட்டிக்கொள்ளும்.

> கம்பு நேப்பியரையே எரிக்கலாமே, தனிச்சொல் எதற்கு?

நல்ல கேள்வி. நாம் தீவனத்துக்கு வளர்க்கும் கம்பு நேப்பியர் புல்லும், எரிபொருளுக்கு வளர்க்கும் மிஸ்காந்தஸ் ஜைஜான்டியஸ் என்ற உயரமான புல்லும் ஒரு வகையில் சோடிதான். இரண்டும் இனக்கலப்பில் பிறந்த மும்மடியக் கலப்பினங்கள் (வழக்கமான இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதி குரோமோசோம் கொண்டவை), விதை பிடிக்காது. நேப்பியரைக் கரணை வைத்து நடுகிறோம்; மிஸ்காந்தஸுக்கு மண்ணுக்கடியில் கிடையாக ஓடும் மட்டநிலத்தண்டைத் துண்டாக்கி நடுகிறார்கள். வித்தியாசம் அறுவடையில் இருக்கிறது. தீவனத்துக்குப் பச்சையாக, தழைச்சத்தோடு அறுக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு அறுப்புக்கும் பிறகு உரம் போடுகிறோம். எரிபுல்லுக்கு நேர் எதிர். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மிஸ்காந்தஸ் கோடையில் மூன்று மீட்டருக்கு மேல் வளர்ந்து நிற்கும். உறைபனி வந்ததும் அறுப்பதில்லை. குளிர்காலம் முழுக்கக் காய விட்டு, இலையெல்லாம் உதிர்ந்து மஞ்சள் பாய்ந்த கழியாக நிற்கும்போது, பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில்தான் அறுக்கிறார்கள். அதற்குள் தழைச்சத்தில் பெரும்பங்கு மட்டநிலத்தண்டுக்கு இறங்கிவிடும். அடுத்த ஆண்டுத் துளிருக்கு அதுதான் மூலதனம். பொட்டாசியமும் குளோரினும் மழையிலும் பனியிலும் கழுவிப் போகும். அவை தங்கிவிட்டால் கொதிகலனில் சாம்பல் உருகிக் கட்டிகட்டியாக ஒட்டும். பச்சைப் புல்லைப் போட்டால் இந்தத் தொல்லையோடு ஈரத்தை ஓட்டவும் வெப்பம் வீணாகும். ஆக, அறுக்கும் காலமும் முறையுமே வேறு. தனிச்சொல் வேண்டும்.

> எத்தனால் எடுத்தால் புல்லை எரிப்பதில்லையே?

எத்தனாலை எரிக்கிறோமே. எரிபொருளுக்கான புல், அவ்வளவுதான்.

'பல்லாண்டு' என்பதை அடைமொழியாக வைத்துக்கொள்ளலாம். இதே வேலைக்கு ஓராண்டுப் பயிராகச் சோளமும் வளர்க்கிறார்கள், வேறுபடுத்த உதவும். ஒருவர் சொன்ன 'மறுதாம்பு' (அறுத்த கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும் பயிர்) எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் கரும்பில் இரண்டு மூன்று மறுதாம்போடு கட்டையைப் பிடுங்கிவிடுகிறோம். மிஸ்காந்தஸ் முழு விளைச்சலுக்கு வரவே மூன்று ஆண்டு ஆகும். அப்புறம் 15, 20 ஆண்டு அதே இடத்தில் நிற்கும்.

'நிலைபேற்று' (ஆங்கிலத்தில் 'சஸ்டெய்னபிள்') கண்டிப்பாக வேண்டாம். அது புல்லின் குணம் இல்லை, எங்கே நடுகிறோம் என்பதைப் பொறுத்தது. தேய்ந்துபோன விளைநிலத்தில் நட்டால் வேர்கள் மண்ணுக்குக் கரிமத்தைச் சேர்க்கும். பழைய மேய்ச்சல் நிலத்தை உழுது நட்டால், அங்கே காலங்காலமாகச் சேர்ந்த கரிமத்தில் ஒரு பங்கு காற்றில் போய்விடும். இரண்டிலும் ஒரே புல்தான். பெயரிலேயே நற்சான்றிதழ் ஒட்டிவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

விளைச்சலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். இல்லினாயில் 2002 முதல் 2004 வரை மூன்று இடங்களில் பக்கத்துப் பக்கத்தில் வளர்த்துப் பார்த்ததில் மிஸ்காந்தஸ் ஆண்டுக்கு எக்டேருக்குச் சராசரியாக 30 டன் உலர் எடை தந்தது. அந்த நாட்டுப் புல்லான ஸ்விட்ச்கிராஸ் 10 டன். ஆனால் ஸ்விட்ச்கிராஸை விதைத்தே வளர்க்கலாம். துண்டு துண்டாக நடும் கூலியைக் கணக்கில் சேர்த்தால் 30-க்கும் 10-க்கும் உள்ள இடைவெளி அவ்வளவு மலைப்பாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று. மிஸ்காந்தஸை 'நாணல்' என்று எழுத வேண்டாம். கரும்புக்கு நெருங்கிய உறவு என்பது உண்மைதான், ஆனால் நம் ஆற்றங்கரை நாணல் கரும்பின் பேரினத்திலேயே சேர்ந்தது. கோயம்புத்தூரில் கோ 205 கரும்பை உருவாக்கக் கலந்தது அதைத்தான். மிஸ்காந்தஸ் வேறு பேரினம். 'மிஸ்காந்தஸ்' என்றே இருக்கட்டும்.