தேளிக் குஞ்சு: பயோஃப்ளாக்கா, சிமென்ட் தொட்டியா?

பொரித்து ஒரு வாரமான தேளி மீன் குஞ்சு 3,000 வாங்கி, பாதியைத் தார்ப்பாலின் பயோஃப்ளாக் தொட்டியிலும் மீதியைச் சிமென்ட் தொட்டியிலும் விட்டேன். பயோஃப்ளாக் என்றால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை எடுக்கும் பாக்டீரியாவை வெல்லப்பாகு ஊற்றித் தண்ணீரிலேயே திரள்திரளாக வளர்ப்பது; அந்தத் திரள்தான் ஃப்ளாக். மூன்றாம் நாள் பயோஃப்ளாக்கில் அம்மோனியா ஏறியிருந்தது. பதறிப்போய் வெல்லப்பாகை இரண்டு மடங்கு ஊற்றிவிட்டேன். பாகைத் தின்னும் பாக்டீரியா அம்மோனியாவை மட்டுமா எடுக்கும்? தண்ணீரிலுள்ள ஆக்சிஜனையும் சேர்த்துத்தான் குடிக்கும். அன்றைக்கு ராத்திரி கரண்ட் போனது. இன்வெர்ட்டர் இருக்கிறதே என்று தூங்கிவிட்டேன். ஏர் பம்ப் அதில் இணைக்கப்படவே இல்லை. விடிந்து பார்த்தால் தண்ணீர் மேலெல்லாம் செத்த குஞ்சு.

தேளி காற்றைக் குடித்தே பிழைக்கிற மீனாயிற்றே என்பீர்கள். நானும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். பொரித்த முதல் பத்துப் பன்னிரண்டு நாள் அதற்குச் செவுள்தான் கதி. மேலே வந்து காற்றை விழுங்குவதெல்லாம் அப்புறம்தான்.

சிமென்ட் தொட்டியிலும் சேதம் உண்டு, ஆனால் அது கண்ணுக்குத் தெரிந்தது. பெரியது சின்னதை வாலிலிருந்து விழுங்கிக்கொண்டிருக்கும். வாரம் இரண்டு தடவை வலையில் சலித்துத் தனித்தனியாகப் பிரித்தேன். தினமும் அடிக்கழிவை டியூப் வைத்து உறிஞ்சி எடுத்து, கொஞ்சம் தண்ணீர் மாற்றினேன். முதுகு ஒடிகிற வேலைதான்.

——

அண்ணே, நான் இரண்டு அங்குலக் குஞ்சாகத்தான் பயோஃப்ளாக்கில் விடுவேன். கலங்கல் தண்ணீரில் ஒன்றையொன்று கடிப்பது குறைவு என்பது என் அனுபவம். ஃப்ளாக்கையும் கொஞ்சம் மேய்வதால் தீவனம் மிச்சமாகிறது. தொட்டித் தண்ணீரைக் கூம்புக் குடுவையில் எடுத்து, ஃப்ளாக்கை அரை மணி நேரம் படியவிட்டு அளப்பேன். லிட்டருக்கு 30 மில்லியைத் தாண்டினால் கொஞ்சம் வெளியேற்றிவிடுவேன், இல்லையென்றால் செவுளை அடைக்கும். அப்புறம், வளர்ந்ததைப் பிரிக்கும்போது கையுறை போடுங்கள். முள் குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி இறங்கும். வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போய்விடுங்கள்.

——

எனக்குக் குஞ்சிலேயே ஏமாற்றம். தேளி என்று ஒருவர் கொடுத்தது வளர்ந்தபின் ஆப்பிரிக்கக் கெளுத்தி. 2000-லிருந்தே நம் நாட்டில் அதை வளர்க்கத் தடை. வாங்கும்போதே முதுகைப் பாருங்கள்: தேளிக்கு முதுகுத் துடுப்பு சின்னதாக ஒரு கீற்றுதான் இருக்கும், அதற்கோ வால்பக்கம்வரை நீளும். நான் மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்தேன். வாய்க்காலில் விட மனசு வரவில்லை. விட்டிருந்தால் ஊர்க் குளத்து மீனையெல்லாம் தின்று தீர்த்திருக்கும்.